பாதி நாள் வேலைக்குத் திரும்புகிறீர்களா? நோய்க்குப் பின் பணம் பெறும் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தையல் நிறுவனத்தின் அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் என் பொறுப்பு. பல வருடங்களாக மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப் பார்த்துக் கொடுத்தவள் நான். எனக்கே முதுகெலும்பில் வட்டு விலகி அறுவை சிகிச்சை நடந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு, “காலையில் மட்டும் வந்து பார்க்கிறேன்” என்று திரும்பியபோது, நன்றாகத் தெரிந்த கணக்கிலேயே இரண்டு இடத்தில் தவறினேன். எனக்கே இப்படி என்றால், இந்தப் பக்கமே வராதவர்கள் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. அவர்களுக்காகத்தான் இது.

கசப்பான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நாடுகளில், நோயிலிருந்து மீள்கிறவர் பாதி நேரம் வேலை பார்த்தால் குறைகிற சம்பளத்தில் ஒரு பகுதியை அரசோ காப்பீடோ ஈடுகட்டும். இங்கே அப்படி ஒரு தலைப்பே கிடையாது. இ.எஸ்.ஐ.யின் பார்வையில் ஒரு நாள் என்பது ஒன்று நீங்கள் சம்பளம் வாங்கிய நாள், அல்லது வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த நாள். அரை நாள் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆகவே பாதி வேலைக் காலத்தை ஓட்டுவதற்கு ஒரே துணி கிடைக்காது. சான்றிதழ் நாள், சேர்த்துவைத்த விடுப்பு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முன்பணம் என்று துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் தைக்க வேண்டும். மாதக் கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு இது பிடிபடாது. நாள் கணக்கில் யோசியுங்கள்.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 15,600 ரூபாய் வாங்குகிறவருக்கு 117 ரூபாய் பிடித்தம். பகுதிநேர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்று சொல்லி உங்களை வெளியே நிறுத்த முடியாது. அவர்களும் இதற்குள் அடக்கம்.

சீட்டில் பிடித்தம் இருக்கிறது என்பதற்காகப் பணம் இ.எஸ்.ஐ. கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நுழைந்தால் மாதவாரியாக எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அதில் தொகையை விட முக்கியமானது இன்னொரு கட்டம்: எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது. அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் எல்லாமே அதைச் சுற்றித்தான் சுழலப்போகிறது.

கையோடு வங்கிக் கணக்கையும் பாருங்கள். பணம் நேரே கணக்குக்கு வருவதால் பெயர் பொருந்தவில்லை என்றால் நின்றுவிடும். நம் ஊர் இனிஷியல்தான் இதில் பெரிய வில்லன். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், நிறுவனம் பதிந்த பெயரில் இனிஷியலே இருக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

78 என்ற எண்

இ.எஸ்.ஐ.க்கு ஒரு ஆண்டு இரண்டு துண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் கட்டிய சந்தாவுக்கு (அந்தப் பிடித்தத்துக்குத்தான் இந்தப் பெயர்), அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அதாவது இன்று நோய்வாய்ப்பட்டால் இன்றைய சந்தாவைப் பார்க்கமாட்டார்கள். அந்தப் பலன் காலத்துக்கு உரிய சந்தா அரையாண்டில் எத்தனை நாள் சம்பளம் வாங்கினீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். குறைந்தது 78 நாள் இருக்க வேண்டும். 77 இருந்தால் போதாது.

இருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்த நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்ப்பலனாகக் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களுக்குள் மொத்தம் 91 நாள் வரை. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அது காத்திருப்புக் காலம். நாளுக்கு 600 ரூபாய் வாங்குகிறவருக்கு 420 ரூபாய், 91 நாளுக்கு 38,220 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவ வசதி முதல் நாளிலிருந்தே உண்டு. ரொக்கப் பலனுக்கான காலம் மட்டும் முதன்முறை சேர்ந்து 9 மாதம் கழித்துத்தான் திறக்கும். கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த நாலாவது மாதமே டெங்குவில் விழுந்த பிள்ளைகள் “பணம் பிடித்தார்களே, ஏன் தரவில்லை?” என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான், ஆனால் விதி அப்படி.

இந்த 78 எப்படிக் காலை வாரும் என்பதற்கு எங்கள் தையல் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஜூன் 15ஆம் தேதி கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. எங்கள் நிறுவனத்தில் அவருக்கு மாதச் சம்பளம் என்பதால் ஞாயிறும் சம்பள நாள்தான். ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 14, ஆக 75 நாள். ஜூன் 15, 16 காத்திருப்பு. 17ஆம் தேதி முதல் 91 நாள் பலன் வாங்கினார், செப்டம்பர் 15ஆம் தேதியோடு தீர்ந்தது. மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். “எப்படியும் பாதி நாள்தான் வரப்போகிறேன், ஆயுத பூஜை முடிந்து வருகிறேன் அக்கா” என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். நோய்ப்பலன் வாங்கிய நாளுக்குச் சம்பளமும் இல்லை, சந்தாவும் இல்லை; அது 78இல் சேராது. ஆகவே அந்த அரையாண்டில் அவர் பெயரில் 75 நாள்தான் நின்றது. அடுத்த பிப்ரவரியில் குடலிறக்கம் என்று மறுபடி படுத்தபோது ஒரு ரூபாய் ரொக்கப் பலன் இல்லை. செப்டம்பர் 28, 29, 30 என்று மூன்றே மூன்று நாள் வந்து காஜா எடுத்துவிட்டுப் போயிருந்தால் போதும். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே நீங்கள் திரும்பும் தேதியை முடிவு செய்யும் முன், செப்டம்பர் 30ஐயும் மார்ச் 31ஐயும் நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அதுவரை உங்கள் கணக்கில் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் தேவை என்று எண்ணுங்கள். மருத்துவர் அனுமதித்தால் அந்தச் சில நாள்களை மட்டுமாவது முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் அரை நாளா, வாரத்தில் சில முழு நாளா?

தனியார் நிறுவனத்தில் நோய்க்குப் பின் பாதி வேலை கேட்பது பெரும்பாலும் பேச்சுவார்த்தைதான். உரிமை என்று மேசையில் அடிக்க முடியாது. முதலாளி சம்மதித்துவிட்டால், எந்த வடிவத்தில் பாதி என்பதை நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் உடம்புக்கு எது வசதி என்று மட்டும் பார்க்கிறார்கள். உடம்புதான் முதலில், மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் ஒரு கண் பாருங்கள்.

நாள் கூலி 600 ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 26 வாரம் தினமும் அரை நாள் வந்து 300 ரூபாய் வாங்கினால், சம்பள நாள் 156. 78 என்ற தடையை இரண்டு மடங்காகத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் உங்கள் சராசரி நாள் சம்பளம் 300 ஆகிவிடும். அடுத்து நோய் வந்தால் பலன் நாளுக்கு 210 ரூபாய்தான். அதே 26 வாரம் வாரத்துக்கு மூன்று முழு நாள் வந்தால், சராசரி 600 ரூபாயிலேயே நிற்கும், பலன் 420. ஆனால் சம்பள நாள் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சல் என்று வீட்டில் நின்றாலும் மொத்தமும் போச்சு. வாரத்துக்கு நான்கு முழு நாள் என்றால் 104 நாள், சராசரியும் குறையாது. என்னைக் கேட்டால் உடம்பு தாங்குகிறவர்களுக்கு நான்கு நாள் முறைதான் நல்லது. வட்டு விலகியவர்களுக்கும் இதய அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் முடியாது. அவர்கள் அரை நாளையே எடுத்துக்கொள்ளட்டும். நானும் அதைத்தான் எடுத்தேன்.

அரை நாள் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். சில அலுவலகங்களில் இரண்டு அரை நாளைச் சேர்த்து ஒரு நாளாக எழுதும் பழக்கம் உண்டு. மாதம் 26 அரை நாள் வந்தவருக்கு 13 நாள் என்று மாதாந்திரக் கணக்கில் ஏறும். ஆறு மாதம் அப்படியே போனால் 78இல் போய் நிற்கும், விளிம்பில். சம்பளப் பட்டியல் போடுகிறவரிடம் முதல் மாதமே போய், “என் பெயருக்கு எத்தனை நாள் போட்டீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

விடுப்பைச் சேர்த்துவைக்க வேண்டிய இடம்

இதுதான் என் முதல் தவறு. அறுவை சிகிச்சை தேதி தெரிந்ததும், சேர்த்துவைத்திருந்த 16 நாள் சம்பள விடுப்பை முதலில் தீர்த்துவிட்டு அதன்பின் இ.எஸ்.ஐ.க்குப் போனேன். முழுச் சம்பளம் முதலில் வரட்டுமே என்ற ஆசை. சம்பளத்துடன் விடுப்பில் இருக்கும் நாளுக்கு நோய்ப்பலன் கிடையாது என்பதால் இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாது; ஏதாவது ஒன்றுதான். அப்படியென்றால் வரிசையை மாற்றியிருக்க வேண்டும். முழுதாகப் படுத்திருக்கும் நாள்களுக்கு இ.எஸ்.ஐ.யின் 70 சதவீதம்; பாதி வேலைக்குத் திரும்பிய பிறகு, வராத நாள்களுக்குச் சேர்த்துவைத்த விடுப்பு. வாரத்துக்கு நான்கு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு என்று போட்டிருந்தால், 16 நாள் விடுப்பு எட்டு வாரம் வந்திருக்கும். இரண்டு மாதம் முழுச் சம்பளம். அதோடு சம்பள விடுப்பு நாளுக்கும் சந்தா போவதால் 78இலும் அது சேரும். கையில் இருந்த நல்ல துணியை உள்பாவாடைக்கு வெட்டிவிட்டேன்.

தொழிற்சாலையில் 20 நாள் வேலைக்கு 1 நாள் என்று சம்பள விடுப்பு சேரும். கடை, அலுவலகம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி நோய்க்கென்று ஆண்டுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஓராண்டு வேலை முடித்தவர்களுக்கு மேலும் 12 நாள் சம்பள விடுப்பு உண்டு. தியாகராய நகர்க் கடைகளில் நிற்கிறவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

கடைசிச் சான்றிதழின் தேதி

நோய்ப்பலன் வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். முதல் சான்றிதழ், இடையில் தொடர் சான்றிதழ்கள், முடிவில் இறுதிச் சான்றிதழ். தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலும், வீட்டிலிருந்து யாரையாவது டிஸ்சார்ஜ் தாள்களோடு சீக்கிரமே மருந்தகத்துக்கு அனுப்பிவிடுங்கள். தனியார் மருத்துவரின் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் போய் நின்றால் பதில் சொல்லி மாளாது.

இறுதிச் சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். அந்தத் தேதியோடு பணம் நிற்கும். என் சான்றிதழில் வியாழக்கிழமை என்று எழுதினார்கள். மாமியார் நாள்காட்டியைப் பார்த்து “திங்கட்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் போ” என்றார். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள், அங்கேயும் பணம் இல்லை, இங்கேயும் சம்பளம் இல்லை. நாளுக்கு 420 வீதம் 1,680 ரூபாய் கொடுத்து வாங்கிய நல்ல நாள் அது. மருத்துவர் எழுதும் முன்பே, என்று சேரப்போகிறீர்கள் என்பதை நிறுவனத்தோடு பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். “திங்கட்கிழமைதான் என் ஷிப்ட் ஆரம்பம்” என்று எடுத்துச் சொன்னால் அவர் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்வார்.

சான்றிதழ் காலத்துக்குள் “சும்மா ஒரு மணி நேரம் வந்து கணக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போ” என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஓய்வில் இருப்பதாகப் பலன் வாங்கும் நாளில் சம்பளத்துக்கு வேலை செய்தது தெரிந்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

திரும்பிய பிறகு மறுபடி முடியாமல் போனால்

பாதி வேலைக்கு வந்த மூன்றாவது வாரமே பலருக்கு மறுபடி படுக்கை விழும். கூச்சப்பட்டுக்கொண்டு சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். முந்தைய முறை நோய்ப்பலன் வாங்கிய நாள்கள் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி சான்றிதழ் வாங்கினால் அந்த இரண்டு நாள் காத்திருப்பு கிடையாது. முதல் நாளிலிருந்தே பணம். 91 நாளில் மீதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 15 நாள் விதிதான், என் கணக்கில், பாதி வேலைக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. தெரியாமல் திறந்துவைத்த சின்னக் கதவு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறவர் அந்த நாள்களுக்கு மருத்துவர் ஓய்வு எழுதித் தந்தால், மற்ற நாள்களில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கலாம், அந்த நாள்களுக்குப் பலனும் கேட்கலாம். இடைவெளி 15 நாளைத் தாண்டாததால் காத்திருப்பு குறுக்கே வராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபி என்றால் பெரும்பாலும் இடைவெளி 15 நாளைத் தாண்டிவிடும், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போகும். சான்றிதழ் தருவது மருத்துவரின் முடிவு. நோயின் போக்கை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

புற்றுநோய், காசநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, சில வகை இதய நோய்கள், மனநோய்கள், வட்டு விலகல் என்று 34 நீண்டகால நோய்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. 91 நாள் தீர்ந்த பிறகும் இவர்களுக்கு 80 சதவீதம் வீதம் நீட்டித்த நோய்ப்பலன் உண்டு; மொத்தம் இரண்டு ஆண்டு வரை போகலாம். இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து இ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். வறுமைக்குப் பயந்து அவசரமாகப் பாதி வேலைக்கு ஓடிவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத்தான். பாதிச் சம்பளம் 50 சதவீதம். வீட்டில் இருந்தால் 80. உடம்பு தேறும் முன் ஏன் ஓடி வர வேண்டும்?

வேலைக்குத் திரும்பினாலும் நிற்காத பணம்

வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்குக் கணக்கே வேறு. வேலைக்கு வரும் வழியிலோ போகும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் சேரும். 78 நாள் விதி இங்கே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விபத்தானாலும் உண்டு. வர முடியாத காலத்துக்கு 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலன். நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று மட்டும் பின்தொடருங்கள். அங்கேதான் பலருக்குச் சிக்குகிறது.

விரல் போய்விட்டது, முழங்கை மடங்கவில்லை என்று நிரந்தரக் குறை நின்றுவிட்டால் மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று சொல்லும். அந்த அளவுக்கு நிரந்தர ஊனப் பலன் மாதாமாதம் வரும். பாதி வேலை, முழு வேலை, வேறு வேலை எது பார்த்தாலும் இது நிற்காது. சம்பளத்தோடு சேர்த்துக் கையில் வருகிற அபூர்வமான பணம். “வேலைக்குச் சேர்ந்தால் ஊனப் பணம் நின்றுவிடும்” என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்த ஒரு வெட்டும் பிரிவுக்காரரை எனக்குத் தெரியும்.

காசநோய்க்காரர்களுக்கு இன்னொன்று: சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய், நிக்ஷய் போஷன் திட்டத்தில். 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. நீங்கள் வேலை பார்க்கிறீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் உங்கள் பெயர் அரசுப் பதிவில் ஏறியிருந்தால் உண்டு.

பி.எஃப். பணம், பின்னே மறைந்திருக்கும் இரண்டு பள்ளங்கள்

நோய்க்காகப் பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கலாம். முன்பணம் என்ற பெயரைப் பார்த்துக் கடன் என்று பயப்படாதீர்கள். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, உங்கள் பணம்தான். ஆன்லைனில் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து 31ஆம் படிவம் போட வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் சரிபார்க்கப்பட்டிருந்தால் முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் சொல்வது: பாதிச் சம்பளக் காலம் எத்தனை மாதம், மாதம் எவ்வளவு துண்டு விழும் என்று கணக்கிட்டு அந்த அளவு மட்டும் எடுங்கள். கிடைக்கிறதே என்று முழுவதும் எடுத்துத் தம்பி கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து அழாதீர்கள்.

முதல் பள்ளம் ஓய்வூதியம். பி.எஃப். ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 53 வயதுக்கு மேல் தினமும் அரை நாள் முறையில் போனால் அந்த மாதங்களின் குறைந்த சம்பளம் சராசரியை இழுத்துக் கீழே கொண்டுவரும். சில முழு நாள் வேலை, மற்ற நாள் சம்பளமில்லாத நாள் என்று கணக்கில் காட்டியிருந்தால், சம்பளம் வாங்கிய நாள்களை மட்டும் கொண்டு வகுத்து 30ஆல் பெருக்குவார்கள், சராசரி விழாது.

இரண்டாவது பள்ளம் பணிக்கொடை (கிராஜுவிட்டி). கடைசியாக வாங்கிய சம்பளம்தான் அதற்கு அளவு. பாதிச் சம்பளத்தில் இருக்கும்போது ராஜினாமா எழுதிக் கொடுத்தால், பத்து வருடப் பணிக்கொடையும் பாதியாக நிற்கும் அபாயம் இருக்கிறது. “உனக்குத்தான் முடியவில்லையே, கணக்கை முடித்துக்கொள்ளலாமே” என்று அன்பாகச் சொல்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள். அன்பை வாங்கிக்கொள்ளுங்கள்; கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஓடுகிற மாதிரி இதுதான்:

“ஐயா, வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் திங்கட்கிழமை முதல் பணியில் சேர மருத்துவர் அனுமதித்துள்ளார். முதல் எட்டு வாரங்களுக்கு வாரத்தில் நான்கு நாள்கள் பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். மீதமுள்ள இரண்டு நாள்களை என் கணக்கில் உள்ள சம்பள விடுப்பில் கழித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். இக்காலத்தில் என் பதவி, பணித்தொடர்ச்சி, அடிப்படைச் சம்பளம் ஆகியவற்றில் மாற்றமில்லை எனவும், எட்டு வாரம் முடிந்ததும் முழுப் பணிக்குத் திரும்புவேன் எனவும் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன்.”

இதில் இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள்: எட்டு வாரம் என்ற முடிவுத் தேதி, பணித்தொடர்ச்சி. முடிவுத் தேதி இல்லாத பாதி வேலை நிரந்தரமாகப் பாதியாகிவிடும். பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் அதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

21,000 ரூபாயைத் தாண்டியவர்கள்

சந்தா காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அதற்கும் மேலே போனவர்களுக்கு, பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு, சட்டம் தரும் விடுப்பும் நிறுவனத்தின் கொள்கையும்தான். குழுக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பெரும்பாலும் பார்க்கும். தீவிர நோய்க்கென்று மொத்தத் தொகை தரும் பாலிசி தனியாக எடுத்திருக்கிறீர்களா என்று வீட்டு பீரோவைத் துழாவுங்கள். வங்கிக் கணக்கோடும் வீட்டுக் கடனோடும் சேர்த்துத் தலையில் கட்டிய பாலிசிகள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டு வேலை, கட்டட வேலை, சொந்தத் தொழில் என்று எதிலும் அடங்காதவர்கள் தொழிலாளர் துறையின் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைப் பார்க்கும். கைக்குப் பணம் வராது, ஆனால் கைப்பணம் போகாமல் காக்கும்.

எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

சான்றிதழுக்கு உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகம். வீடு மாறியிருந்தால் மருந்தகத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். வியாசர்பாடியிலிருந்து மேடவாக்கத்துக்குக் குடிபோன பிறகும் பழைய மருந்தகத்துக்கே ஓடுகிறவர்கள் உண்டு. பெரிய சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பணம் சம்பந்தமான கேள்விக்கு உங்கள் பகுதிக் கிளை அலுவலகம். அங்கே தீராவிட்டால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள மண்டல அலுவலகம். பி.எஃப். என்றால் ராயப்பேட்டை நெடுஞ்சாலை அலுவலகம், ஆனால் அம்பத்தூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே தனி அலுவலகம் இருக்கிறது.

காலையிலேயே போய்விடுங்கள். காப்பீட்டு எண் உள்ள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், டிஸ்சார்ஜ் தாள், எல்லாச் சான்றிதழ்களும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். அசல் சான்றிதழைக் கொடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு வலிக்காரர்கள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு சின்னத் தலையணையும் எடுத்துப்போகலாம். மர பெஞ்சு யாருக்கும் இரக்கம் காட்டாது. கூட ஒருவரை அழைத்துப்போங்கள், வரிசையில் நிற்க.